சிவப்பைப் பார்க்காத பிலிம்

மீரா சாஹிப் போன்ற ஒரு மனிதரைப் பக்கத்துக் கடையில் வைத்துக்கொண்டு தையல் மெஷின் மிதிப்பது லேசான காரியமில்லை. மலாயாவில் தம்பின் ஊர்க் கடைத்தெருவில் போட்டோ பிடிக்கும் படக்கடை வைத்திருந்தார். கல்யாணப் படத்தில் இல்லாத அக்கறை அவருக்கு வானத்தின் மீது. சிங்கப்பூரிலிருந்து பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை வரவழைத்துப் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

"மாயாண்டி, நட்சத்திரம் எங்க பொறக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, தெரியுமா?"

"பட்டன் எங்க விழுந்துச்சுன்னே தெரியல பாய். இதுல நட்சத்திரத்துக்கு எங்க போறது!"

விடமாட்டார். நம்முடையதைப் போலவே தொலைவில் எத்தனையோ நட்சத்திர மண்டலங்கள் இருக்கின்றனவாம். அதில் ஒன்றை நீல ஒளியில் ஒரு படம், சிவப்பு ஒளியில் ஒரு படம் என்று இரண்டு முறை எடுப்பார்களாம். புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்களுக்குச் சூடு அதிகம். அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் வாயு சிவப்பாய் ஒளிவிடும். ஆகவே சிவப்புப் படத்தில் திட்டுத்திட்டாய்ப் பளிச்சிட்டு, நீலப் படத்தில் மங்கிக் கிடக்கும் இடங்கள்தான் நட்சத்திரம் பிறக்கும் இடங்கள்.

"ஒரு படத்த மட்டும் நம்புனா ஏமாந்துருவோம் லா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்" என்பார்.

இவ்வளவு பேசிய மனிதர் சொந்தத் தொழிலில் கோட்டை விட்டார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கி தூக்கி, அவசரகாலம் வந்ததும் எல்லோருக்கும் அடையாளக் கார்டு என்றார்கள். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படம் எடுக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது. மலிவாய் வருகிறதே என்று பழைய ரகப் பிலிமை வாங்கிப் போட்டார். அது சிவப்பைப் பார்க்காத பிலிம். சிவப்பாய் இருப்பதெல்லாம் அதில் கறுப்பாய் விழும். ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்களின் குங்குமமெல்லாம் கரிப்பொட்டாய்ப் போனது. அவர்களில் பஞ்சாலை என்பவள் வைப்பது பெரிய பொட்டு. கார்டில் அவள் நெற்றி நடுவே பெரிய மச்சம் இருப்பது போல இருந்தது. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு பஞ்சாலையின் புருஷன் நல்லசாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வழக்கப்படி அவள் பொட்டை அழித்தார்கள்.

எஸ்டேட் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. ரப்பர்க் காட்டுக்கு வேலைக்குப் போகும்போது வாசலில் போலீஸ்காரர்கள் கார்டைப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒருநாள் புதிதாய் வந்திருந்த மலாய் அதிகாரி பஞ்சாலையை நிறுத்தினார். கார்டில் இருப்பவளுக்கு நெற்றியில் கறுப்பு மச்சம், இவளுக்கு வெறும் நெற்றி. யாருடைய கார்டையோ வைத்துக்கொண்டு காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் ஆளோ என்று அவருக்குச் சந்தேகம். அது குங்குமம் என்று எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் சொல்லிப் பார்த்தார். "குங்குமம் சிவப்பு. எனக்குத் தெரியாதா? இது கறுப்பு" என்றார் அதிகாரி. சாயங்கால லாரியில் சிரம்பான் ஜெயிலுக்கு அனுப்பப் போவதாகவும் சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்களில் சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பியிருந்தார்கள். பஞ்சாலையின் பால்குடி மறக்காத பிள்ளை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் கிடந்தது.

கிராணி ஆள் அனுப்பியதும் மீரா சாஹிப் காமிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தனியாகப் போனால் வானத்தைப் பற்றிப் பேசிக் காரியத்தைக் கெடுப்பார் என்று நானும் போனேன். நான் கூட இருந்தும் அதைத்தான் செய்தார். நட்சத்திர மண்டலம், நீலப் படம், சிவப்புப் படம் என்று மலாயில் ஆரம்பித்ததும் அதிகாரியின் முகம் கடுத்தது.

"வானத்தை விடு. உன் பிலிமில் குங்குமம் கறுப்பாய் விழும் என்றால், இவள் நெற்றியில் வைத்து எடுத்துக் காட்டு" என்றார்.

கோயிலிலிருந்து குங்குமம் வந்தது. பஞ்சாலை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"செயிலுக்கே போறேன் சாமி. என் நெத்தியில அத வைக்காதீங்க."

பிள்ளையை நினைத்துப் பார் என்றார் கிராணி. அவள் அழுதாளே தவிர நெற்றியைக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மீரா சாஹிப் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். குங்குமத்தைத் தொட்டுத் தம் நெற்றி நடுவில் பெரிதாய் அப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எடு மாயாண்டி. மொதல்ல பழைய பிலிம். அப்புறம் செவப்பப் பாக்குற பிலிம்ல, செவப்புக் கண்ணாடிய லென்ஸ் முன்னால வச்சு ஒண்ணு."

அவர் சொன்னபடியே எடுத்தேன். படங்களோடு திரும்பி வரும்வரை பொட்டை அழிக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. மீரா சாஹிப் அதே நெற்றியோடு தம்பினுக்கு வந்தார், இருட்டறையில் படம் கழுவினார். அவர் மனைவி ஹபீபுன்னிசா பார்த்துவிட்டு வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். "வந்து சொல்றேன்" என்று சாஹிப் கிளம்பிவிட்டார்.

லாரி புறப்படுமுன் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கரிக்கட்டை ஒட்டியதுபோலக் கறுப்பு. சிவப்புக் கண்ணாடி வழியே எடுத்த மற்றதில் பொட்டு வெளுத்துப்போய், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. எதிரே நிற்கும் நெற்றியிலோ செக்கச்செவேலென்று குங்குமம். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தவர், பஞ்சாலையின் கார்டை எடுத்து அவளிடமே நீட்டினார்.

வெளியே வந்ததும் மீரா சாஹிப் பெருமூச்சு விட்டுக் கைக்குட்டையை எடுத்தார். நெற்றிக்குப் போன கையைப் பஞ்சாலை பார்த்தாள்.

"பாய், எனக்கு முன்னால அழிக்காதீங்க."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் ஆயாக் கொட்டகைப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றோம். பிறகும் அவர் கை நெற்றிப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அன்று அவர் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.