ஜீப்பில் தேவிக்கு ஓர் இடம்

சிலமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிறவள் பேச்சி. விடிவதற்குள் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துப் பெண்களைக் கிளப்பி, ஜீப்பில் அடைத்து, போடிமெட்டு ஏறிக் காய் எடுக்க விடுவாள். அவளுக்கு யாரையும் அவ்வளவாகப் பிடிக்காது. அதிலும், துக்க வீட்டில் அழுகிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தப்பு யார்மேல் என்று தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் குமட்டும்.

தேவியின் மகன் காய்ச்சலில் செத்தபோது அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. அன்று காலை பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மாமியாரிடம் விட்டுவிட்டுத் தேவி மலைக்குப் போனாள். மத்தியானம் வலிப்பு கண்டது. தோட்டத்தில் செல்போனுக்கு டவர் கிடையாது. சேதி தெரிந்து அவள் இறங்கி வந்தபோது, ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

பேச்சியின் ஜீப்பில் முன்சீட்டை யாருக்கும் விட்டுத்தராத ஜக்கம்மாள், வீட்டிலிருந்து பிள்ளையை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"பெத்தவ பக்கத்துல இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்."

சொன்ன கையோடு, காப்பியில் சீனி பத்தவில்லை என்றும் சொன்னாள்.

பேச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவளுடைய பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் இவளும் மலையில்தான் இருந்தாள். அதுகள் பிழைத்துக்கொண்டன, அவ்வளவுதான். அந்த அதிர்ஷ்டத்தைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு திரிகிறாளே என்று பேச்சிக்கு இளக்காரமாக இருந்தது.

கருமாதி முடிந்ததும் தேவி வேலைக்கு வந்தாள். ஜீப்புக்குள் ஒருத்தியும் நகர்ந்து இடம் விடவில்லை. தூக்குவாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் கீழேயே நின்றாள்.

"அதுக்குள்ள சோலிக்குக் கெளம்பிட்டா பாரேன். நெஞ்சா, கல்லா?" என்றாள் ஜக்கம்மாள், தேவி காதில் விழும்படியாகவே.

பேச்சிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"வீட்டுலயே கெடந்தா, புள்ளைய முழுங்கிட்டு மூலையில உக்காந்திருக்கான்னு சொல்லுவீக. வெளிய வந்தா நெஞ்சு கல்லுங்கிறீக. அவ என்னதான் செஞ்சா ஒங்க வாய்க்குப் பொருந்தும்? எந்திரி ஜக்கம்மா. முன்சீட்டுல அவ என் பக்கத்துல இருக்கட்டும்."

"என்னையவா எந்திரிக்கச் சொல்ற? இவளுக்காகவா?"

"ஆமா. வெரசா எந்திரி."

ஜக்கம்மாள் இறங்கினாள். அவள் எது சொன்னாலும் தலையாட்டுகிற இரண்டு மூன்று பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். டிரைவர் உக்கிரபாண்டி பதறினான்.

"அக்கா, ஆளு கொறைஞ்சா சூப்ரவைசர் நம்மளப் போட்டுத் தாளிச்சிருவாரு."

"தாளிக்கட்டும். நீ வண்டிய எடு அப்பு."

தோட்டத்தில் மேகம் இறங்கி இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. பேச்சி தேவிக்குப் பக்கத்துச் செடியில் குத்தவைத்துக் காய் எடுத்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவும் வராது. கூடை பாதி நிறைந்தபோது தேவிதான் பேசினாள்.

"அக்கா, அன்னைக்குக் காலையில சேலையப் புடிச்சுக்கிட்டுப் போகாதம்மான்னான். நான் கையத் தட்டிவிட்டுட்டு வந்தேன்."

அப்புறம் ஏன்டி வந்தாய் என்ற கேள்வி பேச்சியின் தொண்டைவரை வந்துவிட்டது. ஜக்கம்மாள் சொன்னதும் இதைத்தானே. தன் வாயிலும் அதே நாற்றம் அடிப்பதுபோல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"வேற என்ன சொன்னான்?" என்றாள்.

"வர்றப்ப பட்டாணி வாங்கிட்டு வரச் சொன்னான்."

அவ்வளவுதான். தேவி செடிக்கடியில் மண்ணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினாள். சத்தம் கேட்டு மலையாளத்துச் சூப்ரவைசர், "எந்தா சேச்சி?" என்று ஓடிவந்தார். போகச் சொல்லிப் பேச்சி கையைக் காட்டினாள். அவர் திரும்பிப் போனார். தேவி அழுது ஓயும்வரை பேச்சி அவள் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

ஜக்கம்மாள் மறுநாளே ராசிங்காபுரத்து ஜீப்புக்கு மாறிக்கொண்டாள். பேச்சிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று தெருவில் பேச்சு கிளம்பியது. சிலமலையில் இந்த வாய்கள் தன்னைப் புகழ்ந்தால்தான் அசிங்கம் என்று பேச்சி நினைத்தாள். அந்த சீசன் முழுக்க அவள் ஜீப் ஆள் குறைவாகத்தான் மலை ஏறியது.

தேவி தினமும் மகனைப் பற்றிப் பேசினாள். பல நாள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். பேச்சி காய் எடுத்துக்கொண்டே, முதல் தடவை கேட்கிறவளைப் போல, "ம்... அப்புறம்?" என்பாள்.