ஜவ்வு கட்டிய வேலி

அன்றைக்கு வழியில் இருந்தது மூன்று பேர்: அக்கா, பக்கத்துக் கொல்லை சரோஜாக்கா, நான். சித்தப்பா இல்லை. ஜவ்வு மூட்டைகளை வேலியில் கட்டியவர் அவர். அந்த விடியலில் அவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அது நடந்து இத்தனை நாள் கழித்து, நேற்று ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு டெம்போ எதையோ ஒழுகவிட்டுக்கொண்டு கடந்து போனது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், பட்டப்பகலில், கண்ணாடியை இழுத்து மூடினேன். பக்கத்தில் இருந்தவர் நாற்றத்துக்காக என்று நினைத்திருப்பார்.

ஜவ்வு என்பது, தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத்தோலின் உட்புறத்தை மெஷினில் சீவும்போது விழும் கொழுப்பும் சதையும். எங்கள் கொல்லை, கடலை போடும் நிலம், ஆலங்காயம் பக்கம், காட்டை ஒட்டி. கடலை பிஞ்சு பிடித்தால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். பழைய சேலை கட்டினோம், வெடி போட்டோம். கரண்ட் கம்பி இழுக்கலாம் என்று சிலர் சொன்னதற்கு, பன்றிக்கு முன்னால் மனுஷன்தான் சாவான் என்று அப்பா மறுத்துவிட்டார். அப்போதுதான் தோல் ஷாப்பில் வேலை செய்த சித்தப்பா வழி கண்டுபிடித்தார்.

“நமக்கே இவ்ளோ பேஜாரா கீதே, பன்னிக்கு மூக்கு ஜாஸ்திண்ணா. கிட்ட வராது.”

தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு, நாற்றம் என்றாலே விரட்டுவதுதான். அது அழைக்கவும் செய்யும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பன்றி வரவில்லை, உண்மை. நாய்கள் வந்தன. எங்கிருந்தெல்லாமோ வந்து மூட்டைகளைப் பிய்த்தன. பிறகு நாய்கள் குறைய ஆரம்பித்தன. ஒருநாள் மோட்டார் கொட்டகைச் சேற்றில் நகம் பதியாத வட்டத் தடம். புத்தகத்தில் பார்த்த சிறுத்தைத் தடம் சொந்த நிலத்தில் கிடந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், அதுவும் விலங்கியல். சிறுத்தை மனிதனைத் தேடி வராது என்று எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கிவிட்டு, கொல்லைப்பக்கம் ஒதுங்குவதற்கு அப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

மூட்டைகளை அவிழ்த்துப் புதைத்தோம். அவ்வளவு நாள் சொட்டிய கொழுப்பை மண்ணிலிருந்து எப்படி எடுப்பது?

ஷூ கம்பெனி பஸ் இருட்டு பிரிவதற்கு முன்பே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். அக்கா அந்த வேலியோரமாகத்தான் போகவேண்டும். அவள் தைத்த ஷூவில்தான் நான் காலேஜ் படித்தேன். கொஞ்ச நாள் லீவு போடு என்று கெஞ்சினேன்.

“உன் சிறுத்த வந்து சம்பளம் தருமா? டார்ச்ச எடுத்துனு வாடா, பெரிய படிப்பாளி.”

போனோம். அதே கம்பெனிக்குப் போகும் சரோஜாக்கா ஏதோ சீரியல் கதை சொல்லிக்கொண்டு வந்தார். புதைத்த இடத்தில் நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. நாய் என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்தேன். வால் மிக நீளமாக இருந்தது. நாய் அதன் காலடியில் கிடந்தது.

அது ஓடவில்லை. எங்களைப் பார்த்தது, அவ்வளவுதான். அக்காவின் விரல்கள் என் கையில் இறங்கின. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, போய்விட்டது. அதன் பிறகுதான் அது நாயைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் நுழைந்தது. சரோஜாக்கா பாதியில் விட்ட கதையை அப்புறம் எப்போதும் முடிக்கவில்லை.

பார்க்க வந்த வனக்காவலர் மண்ணை முகர்ந்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “எல போட்டு கூப்ட்டுட்டு, வந்துச்சேன்னு அழுவுறீங்களே.”

கூண்டு வைத்துப் பிடித்தார்கள். தூரத்துக் காட்டில் விட்டதாகச் சொன்னார்கள். அது அங்கே பிழைத்ததா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பிடித்த மறுநாள் அக்கா எழுந்தாள், சோறு கட்டினாள், வேலிப்படல் வரை போனாள். கால் நகரவில்லை. ஹாரன் கேட்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாள். ஒரு வாரம் அப்படி. பிறகு படல் வரைக்கும்கூடப் போகவில்லை. சரோஜாக்காவும் நின்றுவிட, பஸ் எங்கள் நிறுத்தத்தையே விட்டுவிட்டது. இருட்டில் டப்பாக்கள் குலுங்கச் சிரித்துக்கொண்டு போகும் பெண்கள் அந்த வழியில் இப்போது இல்லை.

அடுத்த கடலைக்கு, ஷாக் அடித்தாலும் ஆளைக் கொல்லாத சோலார் வேலி போட்டோம். அக்கா தன் ஒன்பது வருஷத்து பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்தாள். முழுசாக அதற்கே போனது: அறுபத்தெட்டாயிரம்.