கசில்தாவின் அண்ணன் எழுதிய தேர்வு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. லெஸ்மெஸ் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். தங்கை கசில்தா விடியற்காலையில் இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். அவர் இன்னொரு காலுறையையும் மாட்டிக்கொண்டு பிறகுதான் எழுந்தார்.

கசில்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்பெயினில் மிராண்டா என்ற ஊரில் பெரியவர்களுக்கான பள்ளியில் ஸ்பானிய மொழி கற்பித்தாள். அப்பா இறந்தபோது லெஸ்மெஸுக்குப் பதினாலு வயது. படிப்பை விட்டுவிட்டு ரயில் யார்டில் மூட்டை தூக்கப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் அவள் பிற்பாடு பெரிய நகரமான புர்கோஸ் போய் ஆசிரியர் பயிற்சி முடித்தாள்.

நடக்காததை நடந்ததாக வைத்துப் பேச ஸ்பானியத்தில் ஒரு வடிவம் உண்டு. ‘பேசினார்கள்’ என்பதற்கு ‘அப்லாரோன்’. அதன் வாலை நறுக்கி ‘ரா’ வைத்தால் ‘அப்லாரா’: பேசினால். ஒழுங்கான வினைச்சொல் எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். ஆனால் மிராண்டாவில் பிறந்தவர்கள் அந்த இடத்தில் ‘அப்லாரியா’ என்பார்கள். அது ‘கேட்டால் பேசுவேன்’ என்பதில் ‘பேசுவேன்’ வரும் இடத்துக்கு உரியது. மேயரும் அப்படித்தான் பேசினார். கசில்தா ரொட்டிக் கடையில்கூட விடமாட்டாள். கடைக்காரர் திருத்திச் சொல்லும்வரை ரொட்டியை வாங்கக் கை நீட்டமாட்டாள். “டீச்சர், நான் சரியாச் சொல்றதுக்குள்ள ரொட்டி ஆறிடும்” என்பார் அவர்.

போன வருடம் லெஸ்மெஸின் முதுகு போய்விட்டது. நகராட்சி நீச்சல்குளத்தில் காவலாளி வேலை காலியாவதாக இருந்தது. அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அதற்கான தேர்வு வருடத்துக்கு ஒருமுறைதான். ஐம்பத்தேழு வயதில் தங்கையின் வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் சலுகை காட்டவில்லை. “அண்ணே, ஊரே தப்பாப் பேசுதுன்னு உனக்கு மார்க் போட முடியாது” என்று தாளைத் திருப்பிக் கொடுப்பாள். அவர் மறுபடி எழுதுவார்.

இந்த வருடத் தேர்வு மறுநாள் புதன்கிழமை பதினொன்றரைக்கு, புர்கோஸில். பங்குச் சாமியார் அடக்கத்தையும் புதன் பன்னிரண்டு மணிக்கே குறித்திருந்தார். மிராண்டாவில் பிணத்தை இரண்டு நாள் வைத்திருக்கும் வழக்கமில்லை. அடக்கம்வரை நெருங்கிய சொந்தம் ஒருவர் துக்க அறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். கசில்தாவுக்கு இருந்த சொந்தம் லெஸ்மெஸ் ஒருவர்தான்.

அவர் போய்க் கேட்டார். சாமியார் டைரியைப் புரட்டி நாலு மணிக்கு மாற்றினார். “நேரத்த மாத்தியாச்சு. ஆனா காலையில நீ துக்க அறையில இல்லன்னா ஜனங்க என்ன சொல்லும்னு யோசிச்சியா?” என்று மட்டும் கேட்டார்.

யோசித்திருந்தார். அன்று இரவு முழுக்கத் துக்க அறையில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவரோடு கசில்தாவின் வகுப்பில் படிக்கும் மீன்கடை அஸுன் கறுப்புக் கோட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீ கெளம்பு. வர்றவங்களுக்குக் கை நான் குடுக்கறேன்.”

“நீ சொந்தமில்லயே அஸுன்.”

“மூணு வருசமா என்னைத் திட்டியிருக்கா. வேற யாரு சொந்தம்?”

லெஸ்மெஸ் ஒன்பதரை ரயிலைப் பிடித்தார். அதற்குப் பிறகு துக்கத்துக்கு வந்த பலர் அவரைத் தேடினார்கள். புர்கோஸ் போயிருக்கிறார் என்று அஸுன் சொன்னாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதையும் சொன்னாள். இரண்டு பேர் கை கொடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

தேர்வு இரண்டு மணிவரை. அடக்கத்துக்குள் ஊர் கொண்டுசேர்க்கும் ரயில் மதியம் ஒரு மணி ஐம்பதுக்கு. ஒன்றே காலுக்கு அவர் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தார். நாலு மணிக்குக் கோயில் வாசலில் நின்று, வந்த எல்லோருக்கும் கை கொடுத்தார்.

ஜூலையில் ஒட்டிய, தேறியவர்கள் பட்டியலில் அவர் பெயர் கடைசிக்கு முந்தினதாக இருந்தது. விடைத்தாளைப் பார்க்க அனுமதி உண்டு என்றார்கள், போய்ப் பார்த்தார். ‘ரா’ வைத்து எழுதச் சொன்ன பத்து வினைச்சொல்லுக்கும் சரி போட்டிருந்தது. கடைசிக் கேள்வி, ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம். அதில் மூன்று வரி இருந்தது. நான்காவது வரி ‘எங்கள் செடிகளுக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றினால்’ என்று ‘ரா’ போட்டதோடு நின்றிருந்தது.