முன்னால் இழுத்த சீட்டு

"உஷ்... பேசாதீங்க. சத்தம் வருது பாருங்க" என்று காரின் டாஷ்போர்டில் காதை ஒட்டிக்கொண்டு கிடக்கிறார் மீட்டர். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை என்பது என் கட்சி. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ரிலேதான். நான் அப்பவே சொன்னேன்ல?" என்கிறார். யாரிடம், எப்போது சொன்னார் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

சட்டைப் பையில் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு அலைவதால் தெருவில் அவருக்கு இந்தப் பெயர். பிழைப்பு என்னவோ அச்சகத்தில் பிழை திருத்துவது. அடுத்தவர் விட்ட கால்புள்ளி அவர் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் கிழட்டுக் காருக்கு. ஒரு வாரம் வைப்பர் அசையாது, மறுவாரம் ஹாரன் தானாக அலறும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ பரம சாதுவாக நிற்கும். அதனால் எல்லாம் தானே பார்ப்பார். கழற்றும்போது ஐந்தாக இருந்த திருகு மாட்டும்போது ஆறாகிவிடும். மிஞ்சியது பிஸ்கட் டின்னுக்குப் போகும். எந்த வயரைத் தொட்டாலும் நீல டேப்தான் சுற்றுவார். "பாத்த உடனே நம்ம கைன்னு தெரியணும் சார்."

காரை வாரநாட்களில் ஓட்டியது அவர் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை, தெருவுக்கே டீச்சர். மாடியில் குடியிருக்கும் எனக்கு அவர் கிளம்பும் சத்தம்தான் அலாரம். சில மாதங்களாக டீச்சர் ஓட்டினால் மட்டும் வண்டி வழியில் செத்துப்போகத் தொடங்கியது. மீட்டர் உட்கார்ந்தால் ஒரே திருப்பில் உயிர் வரும். "கிளட்ச்ச மிதிக்கத் தெரியல, வண்டிய என்ன சொல்றது?" என்று என்னிடமே பலமுறை அலுத்துக்கொண்டார். ஒரு மாலை பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டது. வண்டிக்குள் சக ஆசிரியைகள். பின்னால் ஹாரன் சத்தம். போன் வந்ததும் மீட்டர் ஓடிப் போனார், உட்கார்ந்தார், கிளப்பினார். சும்மா வந்திருக்கலாம். "வண்டிக்கே ஆள் தெரியுது பாருங்க!" என்றார். ஆசிரியைகள் சிரித்தார்கள். டீச்சர் மறுநாளிலிருந்து பஸ்.

போன ஞாயிறு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மீட்டர் பின் கதவு வழியாகக் குனிந்து ஏதோ குடைந்துகொண்டிருந்தார். டார்ச் பிடிப்பது என் வேலை. திருகு ஒன்று டிரைவர் சீட்டுக்கு அடியில் உருண்டது. எடுப்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளினார். எஞ்சின் இருமி நின்றது. பின்னால் இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார், ஓடியது. தள்ளினார், நின்றது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "டீச்சர் சீட்ட முன்னாடி இழுத்துப் போட்டுத்தானே ஓட்டுவாங்க?"

மீட்டர் நெட்டை, சீட்டு எப்போதும் நகரும் சட்டத்தின் கடைசிப் பல்லில். டீச்சருக்குக் கால் எட்டாது, சீட்டு முதல் பல்லில். மீட்டர் காரின் தரைவிரிப்பைக் கிழிக்காத குறையாகத் தூக்கினார். பெட்ரோல் பம்புக்குப் போகும் வயர் சீட்டின் காலில் மாட்டிக்கொண்டு கிடந்தது. சீட்டு முன்னால் போகும்போதெல்லாம் இழுபட்டு, வண்டி குலுங்கும்போது நடுவிலிருந்த இணைப்பு வாயைப் பிளந்தது. இணைப்பின் மேல் நீல டேப். புது விரிப்புப் போட்டபோது வயரை அந்த வழியாகத் திருப்பி ஒட்டுப்போட்டவர் அவரேதான்.

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. "வருஷக்கணக்கா ஓட்டுறவ சார் அவ. எங்கிட்ட கேட்டாளே, வேற ஏதாவது இருக்குமான்னு... நான் கிண்டலா ஒரு சிரிப்பு சிரிச்சேனே" என்றார். ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு வயரை ஒழுங்காக ஓரமாகக் கொண்டுபோனார். இந்த முறை டேப்பை நம்பாமல் ஈயத்தால் பற்றவைத்தார்.

துணி எடுக்க வெளியே வந்த டீச்சரிடம், "தப்பு என்னோடதுதான். நான் போட்ட ஜாயின்ட்டு" என்று கேட் அருகே நின்று முனகினார். டீச்சர் கொடியிலிருந்து கை எடுக்கவில்லை.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இத மட்டும் ஏங்க வீட்டோட வச்சு சொல்றீங்க?"

மறுநாள் மாலை மீட்டர் என் கதவைத் தட்டினார். "சார், கொஞ்சம் கூட வாங்களேன். தனியாப் போக முடியல." காரில் ஏறிப் பார்த்தால் சீட்டு முதல் பல்லில். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கை முட்ட, கழுத்தை மடக்கி உட்கார்ந்திருந்தார். "பின்னாடி தள்ளிக்கலாமே" என்றேன். "வேணாம் சார்" என்றார்.

பள்ளி வாசலில் டீச்சர் அதே ஆசிரியைகளோடு வெளியே வந்தார். மீட்டர் இறங்கிப் போய் உள்ளங்கையை விரித்தார். நீல டேப் சுற்றிய வயர்த் துண்டு. "இவ சரியாத்தான் ஓட்டுனா. கெடுத்தது நான். அன்னைக்கு உங்க முன்னாடி அசிங்கப்படுத்துனேன்..." ஒருவரும் சிரிக்கவில்லை. மீட்டரின் முகம் காது வரை சிவந்திருந்தது.

டீச்சர் அந்த வயர்த் துண்டைப் பார்த்தார். அவரைத் தாண்டி வந்து டிரைவர் சீட்டில் அமர்ந்தார். பழக்கத்தில் கை சீட்டுக்கு அடியில், அதை முன்னால் இழுக்கும் கம்பியைத் தேடிப் போனது. காலுக்குப் பெடல் எட்டியதும், தொட்ட கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.