வெட்டின தகரம்

தார்ப்பாயை உருவியதும் கதவின் அடிப்பாகம் அப்பளம்போல் உதிர்ந்து தரையில் விழுந்தது. வீரபாண்டி குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பொடிந்துபோனது.

"அர்பாப், இது வண்டி இல்ல. வண்டியோட எக்ஸ்ரே," என்றார் இந்தியில்.

முதலாளி ஒபைத் சிரித்தான். அமீரகத்தின் உம் அல் குவைனில் கடலோரம் இருந்த அந்த வில்லாவும் அதன் கொட்டகையும் அவனுடையவை. வண்டி, இறந்துபோன அவன் தகப்பனாருடையது. அறுபத்தேழாம் வருஷம் அமெரிக்காவில் செய்த மஸ்டாங். நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, நிற்கும்போதே பாயப்போகிற தோற்றம். வருஷக்கணக்கான உப்புக்காற்று அதைச் சல்லடையாக்கியிருந்தது.

"முடியுமா முடியாதா, பாண்டி பாய்?"

"முடியும்."

வேறு பதில் சொல்ல அவருக்கு வழியில்லை. ஷார்ஜாவில் அவர் டிங்கர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் புது விசா அடித்து யாரும் எடுக்கமாட்டார்கள். அடிபட்ட வண்டிகளைக் கொண்டுவந்து விட்ட பழக்கத்தில் ஒபைத்தான் அவரை வீட்டு வேலைக்காரர் விசாவில் எடுத்துக்கொண்டான். பேச்சு இதுதான்: வண்டி சோதனையில் தேறி, முல்கியா என்கிற பதிவு அட்டை கைக்கு வந்துவிட்டால், இதே கொட்டகையில் பழைய வண்டிகளுக்கு ஒரு கராஜ் போடலாம். ஒபைதின் கூட்டாளிகள் வீடுகளில் இப்படித் தார்ப்பாய்க்குள் கிடக்கும் வண்டிகள் ஏராளம். வீரபாண்டி இங்கேயே இருந்துகொள்ளலாம். தேறாவிட்டால், விசா முடிந்ததும் ஊர்.

ஊரை நினைத்துத்தான் அவருக்குப் பயம். எல்லோரும் லீவுக்கு ஏங்குவார்கள்; அவர் லீவு முடியத்தான் காத்திருப்பார். முதுகுளத்தூருக்கு அருகே அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில், அவருக்கென்று வாங்கிய தேக்குக் கட்டிலில் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவர் வரும்போது நாகவள்ளி மூட்டைகளை இறக்குவாள். போனதும் ஏற்றிவிடுவாள். அவள்மேல் குறை சொல்ல முடியாது. வயலும் அவள்தான், வியாபாரமும் அவள்தான். வீட்டில் எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பதுகூட அவருக்குத் தெரியாது. இரண்டாவது வாரத்திலேயே, "என்னத்தத் தேடுறீக? இருங்க, நான் எடுத்துத் தாரேன்" என்பாள், வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல.

ஆகவே வீரபாண்டி வேலையில் விழுந்தார். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போயின. துருப்பிடித்த இடத்தையெல்லாம் அறுத்தார், புதுத் தகரத்தை அளந்து வளைத்தார், பற்றவைத்தார், ராவினார். சாமான்கள் எல்லாம் கௌஸ் முகைதீன் மூலம் வந்தன. கீழக்கரைக்காரர், ஷார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். அமெரிக்காவில் நொறுங்கிப்போன ஒரு மஸ்டாங்கிலிருந்து கழற்றிய கதவு ஒன்றை அவர்தான் கார்கோவில் வரவழைத்தார்.

"என்னாப்பா பாண்டி, கதவ இப்படித் தடவுற? பொண்ணு பாக்கவா வந்தே?"

"பொண்ணு பாத்தப்பக்கூட இம்புட்டு நேரம் பாக்கல பாய். மூஞ்சியவே காட்டல."

"அதான் தப்பிச்சே. அவ உன் மூஞ்சியப் பாத்திருந்தா வேண்டாம்னுருப்பா."

ஷார்ஜா பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. வெட்டின தகரம் வண்டிக்காரன் கண்ணில் படக்கூடாது. தன் வண்டியின் கிழிந்த உடம்பைப் பார்த்தவன், எவ்வளவு அழகாகப் பூசிக் கொடுத்தாலும் அதையேதான் நினைப்பான் என்பார் ஃபோர்மேன். அன்றைக்கு வெட்டியது அன்றைக்கே, வண்டிக்காரன் எட்டிப்பார்க்க வருவதற்குள், பழைய இரும்பு எடுக்கும் பிக்கப்பில் போய்விட வேண்டும். தரை கூட்டியிருக்க வேண்டும். எங்கே அடிபட்டது என்று சொந்தக்காரனே தேட வேண்டும், அதுதான் வேலை. இத்தனை வருஷப் பழக்கத்தை வில்லாவுக்கு வந்ததும் விட்டுவிட முடியுமா? ஆபீஸ் முடிந்து ஒபைத் வருவதற்குள் கொட்டகை துடைத்துவைத்ததுபோல் இருக்கும்.

முன்சக்கரங்களுக்கு மேலே, இன்ஜினின் இருபுறமும் நிற்கும் பக்கத் தகரங்கள்தான் மிக மோசம். இடதுபக்கத்தைக் கிரைண்டரால் அறுக்கும்போது, பெயின்ட் அடுக்குக்குக் கீழே துருவோடு துருவாகச் சில எழுத்துகள் தெரிந்தன. கை ஒரு கணம் நின்றது. இந்தக் காலத்து வண்டிகளில் ஒவ்வொரு தகரத்திலும் கம்பெனிக்காரன் ஏதாவது அச்சடித்திருப்பான். அதைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார். கிரைண்டர் மறுபடி ஓடியது. அன்று பிற்பகல் இரண்டு பக்கத் தகரங்களும் பிக்கப்பில் ஏறிப் போயின.

வண்டி எழுந்தது. கருநீலம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமியபோது ஒபைத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தெருமுனை வரை சும்மா ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். "கராஜுக்கு என்ன பேர் வைக்கலாம், யோசி" என்றான். அன்று வீரபாண்டி நாகவள்ளிக்குப் போன் செய்து, இன்னும் சில வருஷம் இங்கேதான் என்றார். "சரிங்க" என்றாள் அவள். வருத்தமோ சந்தோஷமோ அந்தக் குரலில் இல்லை.

சோதனை நிலையத்துக்கு வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பரிசோதகர் இளைஞன். வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து படமெல்லாம் எடுத்துக்கொண்டான். பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னான். டார்ச் அடித்து இடதுபக்கத் தகரத்தைத் தடவினான்.

"நம்பர் எங்கே?"

"எந்த நம்பர்?" என்றான் ஒபைத்.

"சேஸிஸ் நம்பர். இந்த மாடலில் இங்கேதான் அடித்திருப்பார்கள்."

தகரம் கண்ணாடிபோல் மழமழவென்று இருந்தது. வலதுபக்கமும் அப்படியே. கதவில் ஒரு சிறிய தகட்டுப் பட்டை இருந்தது. அதைப் பழைய முல்கியாவோடு ஒப்பிட்டுப் பார்த்தான் பரிசோதகர். அது கார்கோவில் வந்த கதவு. அதிலிருந்தது அமெரிக்காவில் நொறுங்கிய வேறொரு வண்டியின் எண். இளைஞனின் முகம் மாறியது.

"வண்டி ரொம்ப அழகு," என்றான் மெதுவாக. "ஆனால் இது உங்கள் தகப்பனார் வண்டி என்று இந்த வண்டியில் எதுவுமே சொல்லவில்லையே. அந்தப் பழைய தகரத்தைக் கொண்டுவந்தால் மேலே கேட்டுப் பார்க்கலாம்."

ஒபைத் வீரபாண்டியைத் திரும்பிப் பார்த்தான். "பாண்டி பாய், பழைய தகரம் எங்கே?"

வீரபாண்டி பானட்டை இறக்கி மூடினார். "மாஃபி," என்றார். இல்லை.

மறுநாள் கௌஸ் முகைதீனின் காரில் ஷார்ஜா பழைய இரும்புக் கிடங்குகளைத் தேடிப் போனார்கள். பிக்கப்காரனைக் கண்டுபிடித்தார்கள். அவன் கைகாட்டிய இடத்தில், தகரங்கள் சதுரக் கட்டிகளாக நசுக்கப்பட்டு மலையாக நின்றன. "நீங்க சொல்ற காலத்துச் சரக்கெல்லாம் எப்பவோ கப்பல் ஏறிடுச்சு, பாய்" என்றான். வீரபாண்டி அப்படியும் ஒரு கட்டியருகே போய் உட்கார்ந்து அதன் மடிப்புகளுக்குள் பார்த்தார். ஒரு பால்பவுடர் டின்னின் முகம் தெரிந்தது.

"எழுந்திரு பாண்டி," என்றார் கௌஸ் முகைதீன். காரில் ஏறிய பிறகு குரலைத் தாழ்த்தினார். "அச்சுக் குத்துற ஆளு ஒருத்தன எனக்குத் தெரியும். பழைய முல்கியாவுல நம்பர் இருக்குல்ல. அதப் பாத்து அப்படியே போட்டுடுவான். அர்பாப்புட்ட கேட்டுப் பாரு."

கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அதுவரை கோபப்படாத ஒபைதின் முகம் அப்போதுதான் சிவந்தது. "எங்க அப்பா வண்டிக்கு நானே கள்ள நம்பர் போடணுமா?" என்றான். பிறகு, "நீ வேணும்னு செய்யல. தெரியும். கலாஸ், பாண்டி பாய்," என்றான். கலாஸ் என்றால் முடிந்தது, அவ்வளவுதான்.

கராஜ் பேச்சு அதன்பிறகு எழவில்லை. வண்டியை வரவேற்பு அறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்பு கட்டி, விருந்தாளிகள் பார்க்க நிறுத்திவைப்பதென்று முடிவானது. ஒபைத் விசாவைப் புதுப்பிக்கவில்லை, ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கடைசி வேலையாக வீரபாண்டி பெட்ரோலை வடித்தார், பேட்டரியைக் கழற்றினார், சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்தார். எங்கே வெட்டியது, எங்கே ஒட்டியது என்று அவரே தேடிப் பார்த்தார். தெரியவில்லை. கொட்டகையில் மிஞ்சிக்கிடந்த தகரத் துண்டுகளைப் பொறுக்கி, ஒபைத் வருவதற்குள் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. திருப்பி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

பிறகு ஊருக்குப் போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை வாரேன்."

"அப்படியா? இன்னும் சில வருசம்னு சொன்னீக?" பின்னால் யாரோ மிளகாய் நெடியில் தும்மும் சத்தம் கேட்டது. "எம்புட்டு நாளு லீவு?"

வீரபாண்டி கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசம்," என்றார்.

"ஒரு மாசந்தானே," என்றாள் நாகவள்ளி. "இந்த வருசம் மூட்ட சாஸ்தி. இறக்கி வைக்க எடமில்லங்க. கீழ பாய விரிச்சுத் தாரேன், படுத்துக்கிறீகளா?"

"படுத்துக்கிறேன்," என்றார்.