கேட்காமல் போன தவளை

அலுவலகத்தில் எல்லோரும் அவரைத் தவளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். சூழலியல் ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருட வேலை. மழைக்காலம் வந்துவிட்டால், பொழுது சாயும் நேரத்தில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலத்துக்குக் கிளம்பிவிடுவார். பத்து இடம், இடத்துக்கு ஐந்து நிமிடம். எந்தத் தவளை எத்தனை முறை கத்துகிறது என்று காதால் கேட்டுக் குறித்துக்கொள்வார். "சொந்தக்காரங்க முகம் மறந்துடும் இவருக்கு, தவளை குரல் மட்டும் மறக்காது" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்தச் சதுப்பில் கட்டைவிரல் நகம் அளவே ஆன ஒரு தவளை இருந்தது. வேறெங்கும் கிடையாது. ஊசியால் கண்ணாடியைத் தட்டினாற்போல மெல்லிய கீச்சுக் குரல். அது இருந்ததாலேயே அங்கே ஒரு செங்கல்கூட வைக்க அனுமதி இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் குரல் குறைய ஆரம்பித்தது. பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. தொடர்ந்து மூன்று மழைக்காலம் பூஜ்யம் போட்டார். இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று அறிக்கையில் கையெழுத்திட்ட அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அறிக்கையை வைத்து, நிலையத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் சதுப்பின் பச்சை மஞ்சளானது. மஞ்சள் என்றால் வீடு கட்டலாம். அடுத்த மாதமே லாரிகள் மண் கொட்டத் தொடங்கின.

அதற்கடுத்த மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா அது கத்திட்டிருக்கு, எடுக்க மாட்டீங்களா?"

"எது கத்துது?"

மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "அப்பா, நிஜமாவே கேக்கலையா?"

காது மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். கனத்த ஒலிகளுக்குக் கோடு நேராகப் போனது. கீச்சொலிகள் வரும் இடத்தில் மளமளவென்று கீழே இறங்கியிருந்தது.

"இது நேத்து வந்ததில்ல. அஞ்சாறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும்."

தவளைக்காரர் விரல்விட்டு வருடங்களை எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் வரைபடப் பிரிவில் இருந்த பெண்ணிடம் போனார். பறவை ஆய்வுக்காக அவள் நான்கு வருடமாகச் சதுப்பில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். காலைப் பதிவுகளைத்தான் கேட்பாள். மாலைப் பதிவுகளை யாரும் தொட்டதில்லை. அவர் விஷயத்தைச் சொன்னதும் மழைக்கால மாலைப் பதிவைப் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தவளை கத்தும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு.

அவர் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உடனே நகர்ந்தது. முதல் வருடம் நாற்பத்தொரு கோடு. அடுத்தது முப்பத்தாறு. மூன்றாவது முப்பத்தெட்டு. அவர் பூஜ்யம் போட்ட அதே மூன்று வருடங்கள்.

இந்த வருடப் பதிவைப் போட்டாள். பென்சில் அசையவில்லை.

"லாரி சத்தம்தான் இருக்கு, அண்ணா" என்றாள். பிறகு, "கலரை மாத்தினது நான்தானே" என்றாள்.

"என் அறிக்கையைப் பார்த்துத்தானேம்மா மாத்தின."

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது? எதுக்குக் கிளறுறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

தன் பெயரிலேயே திருத்தம் எழுதி அனுப்பினார். மண் கொட்டும் வேலை இரண்டு மாதம் நின்றது. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இப்ப அந்தத் தவளை அங்க இருக்கா, இல்லையா?"

"இப்ப இல்ல."

"அப்புறம் என்ன?"

லாரிகள் திரும்ப வந்தன.

ஒரே ஆளின் காதை நம்பி இனிக் கணக்கெடுக்கக் கூடாது என்று நிலையத்தில் விதி வந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அவரை மண் பரிசோதனை அறைக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கச் சல்லடையில் மண் சலிக்கும் வேலை. காதுக்குக் கருவி வாங்கிக்கொள்ளச் சொல்லி மனைவி இரண்டு முறை கேட்டாள். "வாங்கலாம், பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.