ஜம்புநாதன் பாதியில் விட்ட பேச்சு

ஜம்புநாதன் வாய் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வகத்தில் அவர்தான் கண்ணாடிக்காரர். ஒளி பட்டால் இறுகும் ஒரு கூழை அச்சு இயந்திரத்தில் அடுக்கடுக்காக இறுக வைத்து, உலையில் சுட்டு, கடுகளவு கண்ணாடி லென்ஸ் செய்வதற்கு ஒரு புது வழி கண்டுபிடித்தவர். குடலுக்குள் விடும் கேமராவின் நுனிக்கு அது ஆகும். அந்த வழிக்கு உரிமம் எடுக்கக் கம்பெனி தேடுவது என் வேலை. அவர் வாயைக் கட்டுவதும் என் வேலைதான் என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை.

லிஃப்டில் ஏறியவர், கூரியர் கொண்டு வந்தவர், சாங்வியில் அவர் குடியிருக்கும் கட்டடத்து வாட்ச்மேன், எல்லோருக்கும் விளக்குவார். வாட்ச்மேனுக்கு மராத்தியில், அதுவும் தப்பும் தவறுமாக. "ஒருத்தர் கேட்டா எப்படிம்மா சொல்லாம இருக்கறது?" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; அவர் கூழைத் தாண்டுவதற்குள் நழுவிவிடுவார்கள்.

போன வருஷம் விமான் நகர் கம்பெனி ஒன்று உரிமம் எடுக்க முன்வந்தது. அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கோ ஓய்வு பெறும் வயது. இது நழுவினால் அவர் பாடுபட்டதெல்லாம் அந்த உலையோடு மூலைக்குப் போய்விடும். கையெழுத்துக்கு முந்தின வாரம் கம்பெனி வக்கீல் தேஜஸ் ஃபோன் செய்தார். தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில் ஜம்புநாதன் பேசிய வீடியோ யூடியூபில் இருக்கிறதாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பேசியது. சூட்சுமத்தை அங்கே ஊரறியச் சொல்லியிருந்தால் காப்புரிமை நிற்காது, உரிமமும் கிடையாது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோலப் போட்டிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கண்ணாடியைப் பற்றிப் பேச இந்த மனுஷரை யார் கூப்பிட்டார்கள்? விசாரித்தால், அவரே கேட்டு வாங்கிய வாய்ப்பு.

தேஜஸுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் அறையில் உட்கார்ந்து, வரி வரியாக நான் இந்தியில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் ஜம்புநாதன், தன் பேச்சைத் தானே ரசித்தபடி. படம் எடுத்தவரின் விரல் பாதித் திரையை மறைத்தது. கூழைப் பற்றிச் சொன்னார், அச்சைப் பற்றிச் சொன்னார். அதெல்லாம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"சுடும்போது விரிசல் விடாம இருக்கணும். உலகமே இங்கதான் முட்டிண்டு நிக்கறது. நான் என்ன பண்ணினேன்னா..."

நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது.

"ஏன்னா, போறும். எல்லாரும் பசியோட இருக்கா. சாம்பார் ஆறிண்டிருக்கு."

மேடைக்குக் கீழேயிருந்து வந்த அந்தக் குரல் அவர் மனைவி தர்மாம்பாளுடையது. யாரோ மைக்கை வாங்கிக்கொண்டார்கள். வீடியோ அதோடு முடிந்தது.

தேஜஸ் விடவில்லை. பந்தியில் சொல்லியிருந்தால்? மாமிக்கு ஃபோன் போட்டேன்.

"பந்தியில அவர் பக்கத்துல நான்னா உக்காந்திருந்தேன்," என்றார் மாமி. "நான் இருக்கறச்சே அவர் எந்தப் பேச்சை முழுசா முடிச்சிருக்கார்?"

அதை இந்தியில் சொன்னதும் தேஜஸ் முதல் முறையாகச் சிரித்தார். மாமியிடம் அதையே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

உரிமம் கையெழுத்தான அன்று, கம்பெனியின் போட்டோகிராபர் லென்ஸைப் படம் பிடித்துக்கொண்டே, இதை எப்படி சார் செய்கிறீர்கள் என்று இந்தியில் சும்மா கேட்டுவைத்தார். ஜம்புநாதனின் முகம் மலர்ந்தது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சார், சாப்பாடு ரெடி," என்றேன்.

காலை மணி பத்தரை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும், பழகிய மனிதராக, வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "எழுதிக் குடுத்திருக்கேன், செஞ்சு காட்டியிருக்கேன். வாயால முழுசா ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லைம்மா. இனிமே வெளியில சொல்லவும் கூடாதுன்னு உரிமத்துலயே போட்டிருக்கு, இல்லையா?"

அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்குப் போய்விடவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேஜை நிறைய வேலை கிடந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்லலாம் சார். ரகசியம் காப்பேன்னு சேரும்போதே கையெழுத்துப் போட்டவ நான். சுடும்போது என்ன பண்ணினீங்க?"

"அதுக்கு முன்னாடி கூழ்லேருந்து வரணும்," என்றார் ஜம்புநாதன்.